டொக்டர் வரேல்லையாம், பாராமெடிக் வாறாவாம்!

சொன்னால் சிரிப்பீர்கள். இங்கிலாந்துக்கு வந்து நீ கண்ட அதிசயம் என்ன என்று யாராவது கேட்டால், நான் தேம்ஸ் நதியையோ பிரிட்டிஷ் மியூசியத்தையோ சொல்லமாட்டேன். எங்கள் சர்ஜரியில், அதாவது குடும்ப மருத்துவர் நிலையத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில், ஒரு பெரிய முதுகுப்பையைக் கதவோரம் சாத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பாராமெடிக்கைத்தான் சொல்வேன். கலியாண வீட்டுப் பந்தியில் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கோயில் அன்னதான வரிசையில் பேசியிருக்கிறேன். லண்டன் ஹாரோவில் என்னிடம் அகப்பட்ட தமிழர் எவரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. இன்றைக்கு நீங்கள் அகப்பட்டிருக்கிறீர்கள்.

பாராமெடிக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அம்புலன்ஸ்தான். சைரன், ஸ்ட்ரெச்சர், பச்சைச் சீருடை. அதில் பிழையில்லை, அவர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். ஆனால் கொஞ்சக் காலமாக இந்த நாட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. அம்புலன்சில் பழம் தின்று கொட்டை போட்டவர்களில் சிலர் மேற்படிப்புப் படித்து, பாராமெடிக் பிராக்டிஷனர் என்ற பதவியோடு குடும்ப மருத்துவர்களின் சர்ஜரிகளுக்குள் வந்து அமர்கிறார்கள். குழந்தையின் காதுவலி, தாத்தாவின் நெஞ்சுச்சளி, தோலில் தடிப்பு, தலைச்சுற்று, கால் வீக்கம் என்று அன்றாடம் வருகிற வருத்தங்களைப் பார்க்கிறார்கள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிறார்கள். இரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார்கள். மருந்தெழுதும் தகுதி எடுத்தவராக இருந்தால் மருந்தும் எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வருகிறார்கள். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்ப்பது அருகிப்போன இந்தக் காலத்தில் நம் கட்டிலோரம் வந்து ஒருவர் உட்காருகிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எங்கள் ஆட்களுக்கு இது இலேசில் இறங்காது. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியோடு மல்லுக்கட்டி, காத்திருக்க வைக்கும் அந்தப் பாழாய்ப்போன இசையைச் சகித்து, கடைசியில் வரவேற்பறைப் பெண், "பாராமெடிக் இன்றைக்குப் பதினொன்றரைக்குப் பார்ப்பார்" என்றதும் முகம் சுருங்கிவிடும். டொக்டர் இல்லையோ என்று ஒரு கேள்வி. பிறகு வீட்டில் ஒரு பிரசங்கம். என் பெரியப்பா இதில் மன்னன். "வருசக்கணக்கா வரி கட்டினனான். எனக்கு அம்புலன்ஸ்காரியையோ விடுறாங்கள்?" என்பார். கணக்காளராக இருந்து இளைப்பாறிய மனிதர், ஆங்கிலப் பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பவர், அவரே இப்படி.

அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. "டொக்டர் வரேல்லையாம், பாராமெடிக் வாறாவாம்" என்று நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அம்மா என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, "ஓ, எங்கட அப்போதிக்கரியைப் போல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இலங்கையின் கிராமத்து டிஸ்பென்சரிகளைத் தலைமுறைகளாகத் தாங்கிப் பிடித்தவர்கள் அப்போதிக்கரிமார்தான். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் அல்ல. ஆனால் எந்தக் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எதை அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அம்மாவின் ஊரில் அப்போதிக்கரி ஐயா சைக்கிளில் வருவாராம், இவர் சின்னக் காரில் வருகிறார், வித்தியாசம் அவ்வளவுதான் என்பது அம்மாவின் தீர்ப்பு.

வித்தியாசம் இன்னும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அம்மாவின் தலைச்சுற்று.

காலையில் எழும்பினால் சுவரைப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஒருநாள் சாமியறையில் விளக்கேற்றக் குனிந்து நிமிர்ந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அடியில்லை. ஆனால் வீடு கலங்கிப்போயிற்று. அண்ணன் கனடாவிலிருந்து தொலைபேசியில், "உடனே ஏ அண்ட் ஈ-க்குக் கொண்டுபோ" என்று கத்துகிறார். அந்த அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் கதிரையில் இரவு முழுக்க இருக்கவேண்டும், எண்பது கடந்த மனுசிக்கு அதுவே ஒரு வருத்தம்.

பாராமெடிக் வந்தார். நெட்டையான பெண், சத்தம் குறைந்த பேச்சு. அவர் அம்மாவைப் பார்க்குமுன்பே வீட்டைப் பார்த்துவிட்டார். நடைபாதையில் விரிப்பின் ஓரம் சுருண்டிருந்ததைக் காலால் தட்டிப் பார்த்தார். படிக்கட்டில் ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி இருப்பதைக் கவனித்தார். அம்மாவின் குதியில்லாத செருப்பை எடுத்துத் திருப்பி அதன் அடியைத் தடவினார். பிறகு, "ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ஒரு ஃபிரிட்ஜ் நிறையச் சொல்லுமாம். ஆள் சாப்பிடுகிறாரா, யாராவது வந்து போகிறார்களா, மருந்து காலாவதியாகிக் கிடக்கிறதா, எல்லாம் அதற்குள் இருக்குமாம். அம்புலன்சில் போய்ப் போய் வந்த பழக்கம். எத்தனையோ வீடுகளுக்குள் நடுச்சாமத்தில் நுழைந்து, டோர்ச் வெளிச்சத்தில் ஆளையும் வீட்டையும் ஒன்றாகப் படித்தவருக்கு வரும் கண் அது. சர்ஜரிக் கதிரையில் இருந்தபடியே அதைச் சம்பாதிக்க முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அம்மாவைக் கட்டிலில் ஐந்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்துப் பிரஷர் எடுத்தார். மேல் எண் 152. எழுந்து நிற்கச் சொன்னார், ஒரு கை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தயாராக இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் எடுத்தார், 126. மூன்றாவது நிமிடம் மறுபடி எடுத்தார், 120. அம்மாவின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. "இதுதான், இதுதான் அந்தச் சுத்து!" என்று அம்மா கிட்டத்தட்டச் சந்தோஷமாகக் கத்தினார். படுக்கையிலிருந்து எழும்பும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அதைக் கவனிக்கவேண்டும் என்பது கணக்கு, இங்கே முப்பதுக்கு மேல் விழுந்திருக்கிறது. அதுவரை அம்மாவுக்கு யார் பிரஷர் பார்த்தாலும் கதிரையில் இருத்தித்தான் பார்த்தார்கள். இருந்து பார்த்தால் அருமையான பிரஷர்!

"குளிசைகள் எங்கே?" அம்மாவின் டேனிஷ் பிஸ்கற் தகரம் வந்தது. சர்ஜரி எழுதிய பெட்டிகள், அவற்றுக்கடியில் கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த நரம்புக் குளிசை, பெயர்த்துண்டு உரிந்துபோன ஒரு லேகியம். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷருக்கு அம்லோடிபின், அதற்கு மேல் டொக்சசோசின், இரண்டையும் அம்மா காலையில் ஒன்றாக விழுங்குகிறார். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விரதம் என்று பேச்சுவாக்கில் சொன்னதும் அவர் நிமிர்ந்தார். விரத நாளில் குளிசையை என்ன செய்கிறார் என்று கேட்கச் சொன்னார்.

"ஓம் பிள்ளை, போடுவன். குளிசைக்கு விரதமில்லைத்தானே" என்றார் அம்மா.

வெறும் வயிறு, ஒரு மிடறு தண்ணீர், இரண்டு பிரஷர் குளிசை, பிறகு குனிந்து விளக்கேற்றல். அம்மா சரிந்து உட்கார்ந்த நாள் வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விரதத்தை விடச் சொல்லி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம். தண்ணீரும் பாலும் குடிக்கலாமா என்று கேட்டார். குடிக்கலாம் என்றார் அம்மா. விளக்கைக் கொஞ்சம் உயரமான தட்டுக்கு மாற்றலாமா? மாற்றலாம். டொக்சசோசினை நிறுத்தினார். இரத்தத்தில் உப்பு, சிறுநீரகம், இரத்தசோகை பார்க்க எழுதினார். கால்களுக்குப் பலம் கொடுக்கும் பயிற்சி வகுப்புக்குப் பரிந்துரைத்தார்.

சிறுநீரை ஒரு போத்தலில் எடுத்து நான் தயாராக வைத்திருந்தேன். முதியவர் தடுமாறினால் சிறுநீரில் ஒரு பட்டியை நனைத்து, நிறம் மாறினால் கிருமி என்று அன்டிபயோட்டிக் கொடுப்பது நான் பல வீடுகளில் கண்ட நடைமுறை. அவர் போத்தலைத் தொடவே இல்லை. 65 வயதுக்கு மேல் அந்தப் பட்டியை நம்பி முடிவெடுக்கக்கூடாதாம். ஒரு வருத்தமும் இல்லாத முதியவர்கள் பலரின் சிறுநீரிலேயே கிருமி இருக்குமாம். எரிவு, காய்ச்சல் என்று குறிகள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அத்தோடு அந்தக் கதை முடிந்தது, தேவையில்லாத ஒரு மருந்தும் மிச்சமாயிற்று.

போகும்போது ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். விழுந்து தலையில் அடிபட்டாலோ, நினைவு தப்பினாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு நொந்தாலோ 999 அவசர அழைப்பு. தலைச்சுற்று குறையாவிட்டால் சர்ஜரிக்கு. அடுத்த வாரம் தானே தொலைபேசியில் கேட்பதாகச் சொன்னார், கேட்கவும் செய்தார். அந்தக் கடதாசி இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. கனடா அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், வாய் மூடிக்கொண்டார்.

இவரைப் போன்றவர்களைக் கொண்டாட எனக்கு இருக்கும் காரணம் இதுதான். அம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போவது பாதுகாப்பான முடிவு, யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஏற்றாமல் வீட்டில் விட்டுப் போவதற்குத்தான் துணிவும் கணக்கும் வேண்டும். ஏற்றவேண்டியவர்களை எண்ணிக்கையில்லாமல் பார்த்தவருக்குத்தான், ஏற்றவேண்டாதவரைக் கண்டால் தெரியும். அன்றைக்கு அவர் அம்மாவின் மூச்சு, ஒட்சிசன், பிரஷர், நாடி, காய்ச்சல், தெளிவு என்ற ஆறையும் அளந்து ஒரு புள்ளிக்கணக்குப் போட்டார். நியூஸ் ரூ (NEWS2) என்று அதற்குப் பெயர், லண்டனின் ராயல் காலேஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் வகுத்தது. ஏழும் அதற்கு மேலும் வந்தால் அவசரம். அம்மாவுக்குப் பூச்சியம். ஆனால் புள்ளி பூச்சியம் என்பதற்காக மட்டும் அவர் விட்டுப் போகவில்லை. விரிப்பும் செருப்பும் பிஸ்கற் தகரமும், வீட்டில் நான் இருக்கிறேன் என்பதும் சேர்ந்த கணக்கு அது.

இந்த மனுசிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற வியப்பில் நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வீட்டில் உள்ளவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். கதை பெல்பாஸ்டில் தொடங்குகிறது. அங்கே பிராங்க் பன்ட்ரிஜ் என்று ஓர் இதய மருத்துவர். மாரடைப்பில் சாகிறவர்களில் ஏராளமானோர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்குமுன்பே சாகிறார்கள், அப்படியானால் ஆஸ்பத்திரி அவர்களிடம் போகட்டும் என்று நினைத்தவர். கார் பட்டரியில் ஓடும், ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டரை அம்புலன்சில் ஏற்றி, 1966இல் தெருவில் இறக்கினார். அந்த வண்டியில் டொக்டர் போனார். சில ஆண்டுகள் கழித்து, 1970களின் தொடக்கத்தில், பிரைட்டனில் டக்ளஸ் சேம்பர்லைன் என்ற இன்னொரு இதய மருத்துவர், அம்புலன்ஸ்காரருக்கே இதைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று கிளம்பினார். ஸ்ட்ரெச்சர் தூக்கிகள் என்று நினைக்கப்பட்டவர்கள் ஈ.சி.ஜி. படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

ஆனால் என் மனதைப் பறித்தது ஷெஃபீல்ட். 2003, 2004இல் அங்கே ஒரு பரீட்சை செய்தார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் சின்ன வருத்தம், சின்னக் காயம் என்று 999க்கு அழைத்தால், சில வாரங்களில் பயிற்சி பெற்ற பாராமெடிக் பிராக்டிஷனர் போவார், மற்ற வாரங்களில் வழக்கமான அம்புலன்ஸ் போகும். 3,018 பேரைப் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான ஏற்பாட்டில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 87.5 சதவீதம். பிராக்டிஷனர் போன வாரங்களில் 62.6 சதவீதம். அடுத்த 28 நாட்களில் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டவர்களும் குறைவு, திருப்தி என்று சொன்னவர்கள் அதிகம். 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஆய்வு அது. நூற்றுக்கு இருபத்தைந்து பேர், பிளாஸ்டிக் கதிரையில் இரவைக் கழிக்காமல் தங்கள் கட்டிலில் படுத்தார்கள்! இந்த எண்ணை முதலில் வாசித்தபோது பஸ்ஸில் இருந்தேன், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அப்போதிக்கரியிலிருந்து வித்தியாசம் என்றேனே, அது படிப்பில். இன்றைக்குப் புதிதாகப் பாராமெடிக் ஆக ஒருவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். அதன் மேல் அனுபவம், அதன் மேல் முதுகலைப் படிப்பு, மருந்தெழுத இன்னொரு தனிப்படிப்பு. 2018 ஏப்ரலில் சட்டம் மாறிய பிறகுதான் மேல்நிலைப் பாராமெடிக்குகள் தாங்களே மருந்தெழுதத் தொடங்கினார்கள். பாராமெடிக் என்ற பெயரை ஆளாளுக்குப் போட்டுக்கொள்ளவும் முடியாது. சட்டப்படியான பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும், எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பெரியப்பா தேடிப் பார்த்தார். பெயர் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பெரியப்பாவின் கதைக்கு வருகிறேன். ஒருநாள் காலை அவருக்கு நெஞ்சில் ஒரு பாரம். எங்கள் ஆட்களின் அகராதியில் அதற்கு ஒரே பெயர்தான், காஸ். இஞ்சித் தண்ணீர் குடித்தார், ஓமம் மென்றார், பிறகு காஸ் குளிசை எழுதி வாங்க என்னோடு சர்ஜரிக்கு வந்தார். அன்றைக்கும் பாராமெடிக்தான். முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். அவர் காத்திருந்த இடத்திலிருந்து அறைவாசல் வரைக்கும் உள்ள அந்தச் சின்னத் தூரத்தில் ஒரு தடவை நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டு பாராமெடிக் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணில் ஒரு வயோதிபரின் நடை மட்டும்தான் பட்டது. பாராமெடிக் மேலுதட்டு வியர்வையைப் பார்த்திருக்கிறார்.

"காஸ் பெயின்" என்று தொடங்கிய பெரியப்பாவை முடிக்க விடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் ஒட்டிகளை ஒட்டி, ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே கேள்விகள் கேட்டார். எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ போகிறதா, நீரிழிவு எத்தனை வருடம். நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு நோவில்லாமலும் வரலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடதாசி வெளியே வந்தது. ஒரு கணம் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மற்றக் கையால் தொலைபேசியை எடுத்தார். அம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அவர் பேசிய பேச்சில் ஒரு உபரிச் சொல் இல்லை. வயது, ஈ.சி.ஜி.யில் கண்டது, பிரஷர், கொடுத்த மருந்து, முகவரி. அம்புலன்ஸ் வந்ததும் வந்தவர்கள் அவருடைய பழைய கூட்டாளிகள் போலிருந்தது. வாசலில் நின்றபடியே ஆளைக் கையளித்தார். இரண்டு தரப்பும் ஒரே மொழி பேசுகிறவர்கள், விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைக்கே பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

மனிதர் மாறிவிட்டாரா என்று கேட்பீர்கள். அவர் மாறுகிற சாதி இல்லை. "கெட்டிக்காரி. டொக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். பாராட்டுத்தான், அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

இன்னொன்றைச் சொல்லவேண்டும், சத்தமில்லாத விஷயம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வயோதிப அம்மா, புற்றுநோய் முற்றிய நிலை, வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். பிள்ளைகள் எல்லோரும், "என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ, காப்பாத்துங்கோ" என்று நிற்கிறார்கள். இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி எழுப்ப முயல்வதா வேண்டாமா என்ற பேச்சை யாரும் எடுக்கத் துணியவில்லை. எடுத்தால் கைவிடுகிறார்கள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள் என்ற பயம். மொழிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பாராமெடிக் கதிரையை இழுத்து மூத்த மகனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். தான் அம்புலன்சில் இருந்தபோது அதைத் தன் கையால் எத்தனையோ பேருக்குச் செய்திருப்பதாகச் சொன்னார். நிலத்தில் கிடத்தி, மேசையைத் தள்ளி, உடுப்பை வெட்டி, விலா எலும்பு முறிய அமுக்குவது எப்படியிருக்கும் என்று மெல்லச் சொன்னார். இளையவருக்கு, திடீரென்று நின்ற இதயத்துக்கு அதைத் தான் தயங்காமல் செய்வேன் என்றார். உங்கள் அம்மாவின் உடம்பு அதைத் தாங்காது, அது அவரைத் திருப்பித் தராது என்றார். மகன் கனநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவவுக்கு நோகாமல் பாக்கிறதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

இது நடப்பதற்கு முன்பே, 2023இன் கடைசி நாளில், சட்டம் இன்னொரு படி நகர்ந்திருந்தது. மருந்தெழுதும் பாராமெடிக்குகள் மோர்ஃபின், மிடசோலம் உட்பட ஐந்து கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதலாம் என்று வந்தது. அதற்கு முன்பென்றால் இப்படிப்பட்ட வீட்டில் எல்லாம் பேசி முடித்த பிறகும் மோர்ஃபினுக்கு டொக்டரின் கையெழுத்தைத் தேடவேண்டும், வெள்ளி மாலையானால் திங்கள்வரை தவிக்கவேண்டும். சட்டம் மாறியிருந்ததால், தேவைப்படும்போது போடுவதற்கான ஊசிமருந்துகள் அன்று பின்னேரமே அந்த வீட்டுக்கு வந்துவிட்டன. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வீட்டுக்கு அது எவ்வளவு என்று நான் கண்டேன்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மருத்துவ விடுப்புச் சான்றிதழில் இவர்கள் கையெழுத்திட முடியாது. 2022இல் தாதியருக்கும் மருந்தாளருக்கும் ஃபிசியோக்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தவர்கள் பாராமெடிக்கை ஏன் விட்டார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. முதுகுநோவைப் பார்த்து, ஓய்வெடு என்று சொல்லலாமாம், அதை எழுதித் தரக்கூடாதாம்! அடுத்தது பணம். 2021 ஏப்ரலிலிருந்து, முப்பதாயிரம் ஐம்பதாயிரம் நோயாளிகளுக்குச் சர்ஜரிகள் சேர்ந்து இயங்கும் கூட்டமைப்புகள், பாராமெடிக்கின் சம்பளத்தை அரசிடமிருந்து பெறலாம் என்று வந்தது. அதனால்தான் இத்தனை பேர் வந்தார்கள். அதனால்தான், டொக்டருக்குப் பதிலாக மலிவான ஆள் என்ற முணுமுணுப்பும் வந்தது. அந்த முணுமுணுப்பை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். அம்புலன்சிலிருந்து நேற்று இறங்கியவரைத் தனியே ஓர் அறையில் இருத்தி, பத்துப்பதினைந்து வருட நாள்பட்ட நோய்களை அவர் தலையில் கட்டினால் அது அவருக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. அம்புலன்சில் நோய் சுழலும், சர்ஜரியில் நோய் ஊரும், இரண்டும் வேறு வித்தை. எங்கள் பாராமெடிக் காலைப் பொழுது முடிந்ததும் டொக்டரோடு இருந்து, பார்த்தவர்களைப் பற்றி ஒவ்வொன்றாகப் பேசுகிறார். சந்தேகமென்றால் நோயாளியை வைத்துக்கொண்டே கதவைத் தட்டுகிறார். டொக்டர் தேவைப்படுகிறவர்களுக்கு டொக்டரின் நேரம் கிடைப்பதும் இதனால்தான். இரண்டு பேரும் வேண்டும். ஒருவரை வைத்து மற்றவரை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கிற நிர்வாகிகள் இருந்தால் அவர்களுக்குப் பெரியப்பாவை அனுப்பிவைக்கிறேன்.

அம்புலன்ஸ் சேவைக்காரருக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. வளர்த்த ஆட்களைச் சர்ஜரிகள் கொத்திக்கொண்டு போகின்றன என்று. நியாயம்தான். கொஞ்சக்காலம் அம்புலன்ஸ், கொஞ்சக்காலம் சர்ஜரி என்று சுழற்சியில் விடும் முறையையும் சில இடங்களில் பரீட்சித்தார்கள். எனக்கு அது பிடித்த யோசனை. அந்தக் கண் மழுங்காமல் இருக்க அவ்வப்போது இரவு மூன்று மணிக்கு முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழையவேண்டும். ஆனால் எங்கள் ஆளைச் சுழற்றினால் ஹாரோவில் நான் மறியல் செய்வேன்.

ஆகவே இந்த நாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வரவேற்பறைப் பெண் என்ன வருத்தம் என்று கேட்டால், "அது டொக்டரிட்டைத்தான் சொல்லுவன்" என்று முறைக்காமல் வருத்தத்தைச் சொல்லுங்கள், யாரிடம் அனுப்புவது என்று அவர் முடிவெடுக்க அது வேண்டும். பாராமெடிக் என்றால் ஓம் என்று சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கொழும்பிலிருந்து வந்தது, இந்தியாவிலிருந்து வந்தது, சித்த மருந்து, எதையும் ஒளிக்கவேண்டாம், அவர் ஏசமாட்டார். கை இறுக்கமான சட்டை வேண்டாம். விரத நாளைச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜை அவருக்காகத் துப்பரவாக்க வேண்டாம், இருக்கிறபடி இருக்கட்டும். தேத்தண்ணியும் வடையும் கொடுக்கலாம், ஆனால் பிரஷர் பார்த்து முடிந்த பிறகு. அம்மா முதலே கொண்டுவந்து நீட்டியதில், தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் நாடி பார்த்தார், பாவம்.